புலி உன்னைப் பார்த்த அன்று

இன்று காலை பாசஞ்சரில் எதிர்சீட்டுப் பெண் ஒருத்தி தைலப் பாட்டிலைத் திறந்து நெற்றியில் தேய்த்துக்கொண்டு கண்ணை மூடினாள். வண்டி இன்னும் முண்டியம்பாக்கம்கூட வரவில்லை. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நான் முதுமலைக்குப் போய்விட்டேன். ஊட்டியில் நீ ஆசையாக வாங்கி, பைக்குள்ளேயே கொட்டிவிட்டாயே, அதே தைலம்.

வேலைக்குச் சேர்ந்த தொண்ணூற்று மூன்றிலிருந்து இந்த வண்டிதான் நம் இருவருக்கும். விழுப்புரத்தில் ஏறி, திண்டிவனத்தில் இறங்கி, ஆபீஸ். வண்டி நிற்பதற்குள் ஜன்னல் வழியாகக் கர்ச்சீப் போட்டு சீட் பிடிப்பது உன் வேலை. உட்கார்ந்ததும் தூங்கிவிடுவாய். மயிலம் தாண்டியதும் உன்னை எழுப்புவது என் வேலை. ஒரு நாளும் நான் தவறியதில்லை.

உனக்கு ஒரே ஆசைதான், காட்டுப் புலியைப் பார்க்க வேண்டும். "வண்டலூர்ல இருக்கிறது நம்மள மாதிரி டூட்டி பார்க்கிற புலிடி. அது இஷ்டத்துக்குத் திரியறத ஒரு தபா பார்க்கணும். முட்டி நல்லா இருக்கும்போதே போய்க்கினு வந்துடலாம்" என்று நச்சரித்து எனக்கும் லீவு போட வைத்தாய்.

சஃபாரி வேன் வந்து நிற்பதற்குள் உன் கை சும்மா இருந்ததா? கர்ச்சீப்பை உள்ளே வீசினாய். அது கைடு மடியில் போய் விழுந்தது. "என்னம்மா இது?" என்றார். "எங்க ஊரு ரிசர்வேஷன் சார்" என்றாய். வேனே சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே ஜன்னல் சீட்டை விட்டுக்கொடுத்தார். உள்ளே போனதும் யாரும் பேசக் கூடாது, எழுந்திருக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்.

புள்ளிமான் கூட்டம் பார்த்தோம், ஒரு காட்டெருமை பார்த்தோம். குளிர்காற்று அடித்ததும் உன் தலை என் தோளில் சாய்ந்துவிட்டது. கண்ணசரட்டும், புலி வந்தால் எழுப்பிக்கொள்ளலாம் என்று விட்டேன்.

வந்தது. மூங்கில் புதரிலிருந்து சாவகாசமாக இறங்கி வந்தது. டிரைவர் எஞ்சினை நிறுத்தினார். ரோட்டோரக் குட்டையில் அது குனிந்து தண்ணீர் குடித்தது. நாக்கால் நக்கும் சத்தம்கூடக் கேட்டது. அதன் தோள்பட்டை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். உன்னை மறந்தே போனேன். அது குடித்து முடித்துத் திரும்பி நடந்த பிறகுதான் என் தோளின் கனம் உறைத்தது. பதறிப்போய் உன் தொடையில் கிள்ளினேன்.

நீ கண்ணைக்கூடத் திறக்காமல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாய். "எறங்குடி, திண்டிவனம் வந்துடுச்சி" என்று கதவைத் தேடினாய். "உக்காருங்கம்மா" என்று கைடு பதறியதும்தான் கண்ணைத் திறந்தாய். போய்க்கொண்டிருந்த புலி நின்றது. திரும்பி, நின்றுகொண்டிருந்த உன்னை நேராகப் பார்த்தது. அப்புறம் புதருக்குள் போய்விட்டது.

கைடு திட்டியது எதுவும் உன் காதில் விழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி திரும்பத் திரும்பச் சொன்னாய். "என்னத்தான் பார்த்துச்சிடி. மூஞ்சிக்கு நேரா பார்த்துச்சி."

அதற்குப் பிறகு அந்தக் கதையைக் கேட்காத ஆள் நம் வண்டியில் கிடையாது. ஒவ்வொரு தடவையும் என்னைக் காட்டி, "இவதான் கரெக்டா எழுப்பிவுட்டா" என்று முடிப்பாய். நானும் தலையாட்டுவேன். போன வருஷம் முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு நர்ஸிடமும் அதையே சொன்னாய். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம், எனக்கு வாய் வரவில்லை. இப்போது சொல்கிறேன். நான் லேட்டாகத்தான் எழுப்பினேன்டி. நீ ஒரு நொடி பார்த்ததை நான் முழுசாகப் பார்த்தேன்.

நீ போன பிறகு வண்டியில் எனக்குத் தூக்கம் வருவதில்லை. பக்கத்தில் யார் தூங்கினாலும் முன்கூட்டியே எழுப்பிவிடுகிறேன், திட்டும் வாங்கிக்கொள்கிறேன். தைலக்காரியும் திண்டிவனத்தில் இறங்குகிறவள்தான். அவளைப் பேரணி ஸ்டேஷனிலேயே தட்டி எழுப்பினேன்.

"இன்னாக்கா, இன்னும் மயிலமே வரலியே" என்று சலித்துக்கொண்டாள்.

"பரவால்லம்மா. முழிச்சிக்கினு வெளிய பார்த்துக்கினு வா" என்றேன்.