விரல் ஆழத் தண்ணீர்

வெள்ளிமலை
6.4.2025

தேவதர்ஷினியின் அப்பாவுக்கு,

செங்கம்மாள் எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம். இந்த வருஷம் மலைமேலேயே வெயில் தாங்கவில்லை. ஓடை வற்றிவிட்டது. பலாமரத்தடியில் குருவிகள் வாயைத் திறந்துகொண்டு கிடந்ததைப் பார்த்து, உங்கள் மகள் கொல்லையில் குண்டான் நிறையத் தண்ணீர் வைத்தாள். நேற்று ஒரு சிட்டு அதற்குள் விழுந்து செத்துவிட்டது. சாப்பிடாமல் அழுதாள். இனிமேல் வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மிளகு பறிக்கப் போவதாகச் சொல்லிவிட்டுச் செம்மரம் வெட்டப் போனீர்கள். இரண்டு வருஷம் ஆகியும் அந்தப் பொய் எனக்கு ஆறவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

செங்கம்மாள்

கடப்பா சிறை
17.4.2025

அன்புள்ள செங்கம்மா,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். பாப்பாவிடம் சொல், தப்பு அவளுடையது இல்லை. குண்டான் ஆழம். வாயகன்ற மண்சட்டியில் விரல் ஆழத்துக்குத் தண்ணீர் போதும். நடுவில் சொரசொரப்பான கல் ஒன்று வை, கால் வழுக்காது. பூனை பதுங்குகிற செடிப் பக்கம் வேண்டாம். தினமும் தண்ணீரை மாற்று.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்பது உனக்குத் தெரியும். குருவி எங்கே பயமில்லாமல் குடிக்கும் என்று பார்த்துத்தானே கண்ணி வைப்பேன்.

நீ தடுத்திருந்தால் நின்றிருப்பேன். அதனால்தான் பொய் சொன்னேன்.

மே பத்தாம் தேதி விடுகிறார்கள். நம் வீட்டுக்கு வரலாமா? இல்லை, கச்சிராயபாளையத்தில் காசியம்மாள் அக்கா வீட்டில் இருந்துகொள்ளட்டுமா? நீ சொல்கிறபடி.

தர்மன்

வெள்ளிமலை
28.4.2025

அன்புள்ள உங்களுக்கு,

சொன்னபடியே வைத்தோம். மூன்று நாள் எதுவும் வரவில்லை. நாலாம் நாள் ஒரு கொண்டைக்குருவி கல்லில் நின்று குடித்தது. இப்போது தவிட்டுக்குருவிகள் ஏழெட்டாக வந்து குளிக்கின்றன. பாதித் தண்ணீர் வெளியேதான். நான் பாத்திரம் துலக்க உட்கார்ந்தால் உங்கள் மகள் அதட்டுகிறாள்: "சத்தம் போடாதம்மா, குளிச்சிக்கினு இருக்குதுங்க." யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்கிறவர்களிடமெல்லாம் அப்பா என்கிறாள்.

உங்கள் கண்ணிகளை அடுப்பில் போட்டுவிட்டேன். கேட்காமல்தான் செய்தேன். நீங்களும் கேட்காமல்தானே போனீர்கள்.

கோபம் இன்னும் இருக்கிறது. வந்தால் திட்டுவேன். அக்கா வீட்டுக்கு வந்து திட்ட முடியாது. நம் வீட்டுக்கே வாருங்கள்.

பதினொன்றாம் தேதி காலை பஸ்ஸுக்குப் பாப்பாவை அழைத்து வருகிறேன். நீங்கள் போனபோது அவளுக்கு நாலு வயது. "அப்பாவ எனக்கு அடையாளம் தெரியுமாம்மா?" என்று நேற்று கேட்டாள். இறங்கியதும் முதலில் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.

உங்கள்
செங்கம்மாள்