ழ தெரியாத பெட்டி

12.10.2009, திங்கள்

ஆறு வருஷமாக என்னோடு பேசாத என் மகள் குழலி, கம்ப்யூட்டரில் என்னவோ எழுதுகிறாளாம். அவள் சிநேகிதி சொன்னாள். தேடிப் பார்க்க பிரவுசிங் சென்டருக்குப் போனேன்.

"உலகமே இதுக்குள்ள இருக்குது தாத்தா" என்றான் கடைக்காரன். அவள் பேரை இங்கிலீஷில் அடித்தான். வரவில்லை. எழுத்தை மாற்றி அடித்தான். யார் யாரோ வந்தார்கள்.

"இதுல தேடுற இடம் ஒண்ணே ஒண்ணு இல்ல தாத்தா. ஆளாளுக்குத் தனியா நடத்திக்கினு இருக்காங்க. ஒரு இடத்துல தேடினா அங்க தெரிஞ்சவங்கதான் வருவாங்க."

இதற்குப் பேர் உலகமாம்! எங்கள் ஊரில் பெரிய காஞ்சிபுரத்து டீக்கடையில் கேட்டால்கூட, அந்தக் கோடியில் இருக்கும் சின்ன காஞ்சிபுரத்து ஆளுக்கு வழி சொல்வார்கள்.

"தமிழ்ல அடிப்பா" என்றேன். தமிழ் எழுத்துகள் திரையில் வரிசையாக வந்தன. அதில் ழ எது என்று தடவிக்கொண்டிருந்தான். இவன் காலேஜ் படித்தவன்! எனக்கு முதியோர் வகுப்பில் போன மாசம்தான் ழ வந்தது. நானே அமுக்கினேன். மூன்றாவதாகத் தேடிய இடத்தில் குழலி வந்தாள், போட்டோவோடு. கடையிலேயே சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

அவள் எழுதியதற்குக் கீழே நானே அடித்தேன்: குழலி, நான் அப்பா.

"அவ்ளோதானா தாத்தா?"

"அதுக்கே அரை மணி ஆச்சுப்பா."

வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அவளுக்குத் தெரிந்த அப்பா கைநாட்டு. யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைப்பாள். எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த ஒன்றைச் சேர்த்து எழுதினால் நம்புவாள். யோசித்தால், அவள் வீட்டைவிட்டுப் போன அன்று நான் சொன்ன வார்த்தைதான் ஞாபகம் வருகிறது. அதை எப்படி எழுதுவது?