தொழில் என்ற கட்டம்

அன்புள்ள அம்மாவுக்கு,

ஞாயிறு தவறாமல் போனில் பேசுகிறவள் கடிதம் வேறு எழுதித் தொல்லை கொடுக்கிறாளே என்று நினைக்காதே. மன்னித்துக்கொள். உன் குரல் கேட்டதும் சொல்ல வந்ததை விட்டு வேறு எதையோ பேசி வைத்துவிடுகிறேன். நீ எழுத்துக்கூட்டிப் படிக்க வசதியாகப் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுக்காதே. முதலில் நீ படி.

நான் நலம். இங்கே மழை விட்டு, ஹோட்டல் நிரம்பிவிட்டது. இந்தத் தீவுக்கு வருகிறவர்களின் காகிதங்களை முன்கூட்டியே சரிபார்ப்பதுதான் என் வேலை என்று உனக்குத் தெரியும். பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதம் செல்லுமா, திரும்பிப் போக டிக்கெட் உண்டா, எங்கே தங்குவார், என்ன தொழில். தேனிலவுக்கு வந்த ஒருவர் தொழில் என்ற கட்டத்தில் 'புது மாப்பிள்ளை' என்று எழுதி அனுப்பியிருந்தார். அலுவலகமே சிரித்தது. என்னால் சிரிக்க முடியவில்லை.

அம்மா, அந்தக் கட்டத்தில்தான் நான் உன்னைக் கவிழ்த்தேன்.

சேர்ந்த புதிதில் பக்கத்து மேசைப் பெண், "உங்க அம்மா என்ன பண்றாங்க?" என்று கேட்டாள். "ஸ்கூல்ல வேலை" என்றேன். "ஓ, டீச்சரா! அதான் கையெழுத்து முத்து முத்தா இருக்கு" என்றாள். நான் இல்லை என்று சொல்லவில்லை. தலையை ஆட்டினேன், அவ்வளவுதான். நீ வருவதற்கு ஹோட்டல் தரும் உத்தரவாதக் கடிதத்தை அவள்தான் தட்டச்சு செய்ய வேண்டும். அதனால் உன் படிவத்தில் ஆசிரியை என்று நிரப்பினேன். உன்னிடம் சொல்லவில்லை. "யார் என்ன கேட்டாலும் பேப்பரை நீட்டும்மா, வாயைத் திறக்காதே" என்று மட்டும் மூன்று தடவை சொன்னேன். உன் நல்லதுக்குச் சொல்வதாக நினைத்து நீயும் சரி சரி என்றாய்.

நீ இங்கே வந்து இறங்கிய அன்று விமான நிலையத்தில், குடியேற்ற அதிகாரி முன்னால் நடந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நீ பேசியது புரியாமல் அந்த அதிகாரி, அங்கே தரை துடைத்துக்கொண்டிருந்த நம் மொழிக்கார அக்காவைக் கூப்பிட்டிருக்கிறார். "என்ன பாடம் எடுக்கறீங்கன்னு கேக்கறார்" என்றாராம் அவர். நீ அவர் கையில் இருந்த மாப்பைப் பார்த்துச் சிரித்தாயாம். "பாடமா? நானும் உன் வேலைதான் தங்கச்சி. இருபத்திரண்டு வருஷமா ஸ்கூல்ல பெருக்கித் துடைக்கிறேன். கக்கூஸும் நான்தான். அந்தச் சம்பளத்துலதான் பொண்ணு டிகிரி முடிச்சா."

"மாத்திச் சொல்லிடலாமான்னு ஒரு நிமிஷம் தோணுச்சும்மா. அவ்ளோ சந்தோஷமா சொன்னாங்க, எனக்கு மனசு வரல" என்று அந்த அக்காதான் பிறகு என்னிடம் சொன்னார். காகிதத்தில் ஒன்று, வாயில் ஒன்று. வந்த விமானத்திலேயே உன்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான்கு மணி நேரம் நின்றேன்.

வீட்டுக்குப் போனதும் நீ போன் செய்தாய். "நான்தான்டி வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்காம உளறிட்டேன். உன் வேலைக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றாய். நான் "பரவாயில்லம்மா" என்றேன். நான் உன்னை மன்னித்தேன் அம்மா! தெருவில் கேட்கிறவர்களிடமும் உன் வாய்தான் கெடுத்தது என்று சொல்கிறாயாம். தம்பி சொன்னான்.

போன வாரம் மேலாளரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். பக்கத்து மேசைப் பெண்ணும் இருந்தாள். "ஊரார் படிவத்துல தப்பு கண்டுபிடிக்கிற ஆள் நீ" என்றார் அவர். இனி நான் பார்ப்பதை இன்னொருவர் திரும்பப் பார்ப்பார். நியாயம்தான். அவள் அன்று முழுக்க என்னிடம் பேசவில்லை. மறுநாள் காலை, உனக்கான புதுக் கடிதத்தைத் தட்டச்சு செய்து என் மேசையில் வைத்திருந்தாள்.

அதை இத்துடன் வைத்திருக்கிறேன். அதில் பள்ளித் துப்புரவுப் பணியாளர் என்று இருக்கிறது. போன தடவை பொய் எழுதியது நான்தான் என்று கையெழுத்துப் போட்ட தாளும் உண்டு. மறுபடி விண்ணப்பிக்கலாம் என்று குடியேற்ற அலுவலகத்தில் சொல்கிறார்கள். விடுவதும் விடாததும் அவர்கள் கையில்.

கால் வீக்கம் வற்றியதா? மாத்திரையை நிறுத்திவிடாதே. தெருவில் இனி யாராவது கேட்டால் என் மகள் செய்த தப்பு என்று சொல்.

எந்த முகத்தோடு கேட்பது என்று தெரியவில்லை, ஆனாலும் கேட்கிறேன். பள்ளி விடுமுறையில் இன்னொரு தடவை வா அம்மா. இந்த முறை பேப்பரை நீட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டு நிற்காதே. அந்த அதிகாரி கேட்டால், அன்று சொன்னாயே, அதையே சிரித்துக்கொண்டு சொல்.

வெளியே காத்து நிற்கும்,
உன் மகள்