கருப்பட்டிக் காப்பியும் கழுத்து ரத்தக்குழாயும்

தூத்துக்குடி,
20.8.2024

அன்புள்ள வடிவுக்கு,

உன் கணவன் ராஜதுரை எழுதிக்கொள்வது. அங்கே நீயும் மகள் சரண்யாவும் பேத்தியும் சுகமாக இருக்க முருகன் துணை. தினமும் போனில் பேசுகிறவனுக்குக் கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். நீ போனை ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய், மாப்பிள்ளை வரைக்கும் எல்லாரும் கேட்கிறார்கள். இது நீ மட்டும் படிக்க வேண்டியது. மெல்போர்னுக்குக் கிளம்பும் பக்கத்து வீட்டு கிங்ஸ்டனிடம் கொடுத்துவிடுகிறேன்.

கடை ஓடுகிறது. உப்புக் காற்றில் வாசல் கேட் துருப்பிடித்துவிட்டது, பெயிண்ட் அடிக்கச் சொல்லியிருக்கிறேன். மல்லிகைக்குத் தண்ணீர் விடுகிறேன். பூவைப் பறிக்கத்தான் ஆளில்லை.

போன மாதம் கடையில் லேசாகத் தலை சுற்றியது. பதறாதே. டாக்டர் ஜெஸ்லினிடம் போனேன். அப்பா பக்கவாதத்தில் போனதைச் சொன்னதும் ரத்தப் பரிசோதனையும் கழுத்து ஸ்கேனும் எழுதிக் கொடுத்தார். வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள். நானும் இட்லியைத் தொடாமல், ஒரு டம்ளர் கருப்பட்டிக் காப்பியை மட்டும் குடித்துவிட்டுப் போனேன். சஷ்டி விரதத்துக்கே குடிக்கிறோமே, அது எப்படிச் சாப்பாடாகும்? ரிப்போர்ட்டில் சர்க்கரையும் கொழுப்பும் எகிறிவிட்டன. விசாரித்துத் தெரிந்துகொண்ட டாக்டர், “அண்ணாச்சி, கருப்பட்டி மட்டும் என்ன கசக்கவா செய்யுது?” என்று சிரித்துவிட்டு, மறுபடி ரத்தம் கொடுக்கச் சொன்னார். எல்லாம் காப்பி செய்த வேலை என்று நானும் நிம்மதியாக இருந்தேன்.

இரண்டாம் தடவை சர்க்கரையும் கொழுப்பும் இறங்கிவிட்டன. ஆனால் ரத்தத்தில் முதல் தடவையே கூடியிருந்த ஹோமோசிஸ்டீன் என்று ஒன்று, சி.ஆர்.பி. என்று ஒன்று, இரண்டும் இறங்கவில்லை. கொழுப்பு சரியாக இருந்தாலும் இவை கூடுதலாக இருந்தால் கழுத்து ரத்தக்குழாய் தடிக்க வாய்ப்பு அதிகமாம். ஸ்கேனிலும் இடது பக்கக் குழாய் தடித்துப் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக அடைத்திருக்கிறது. இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம், மாத்திரை போதும் என்கிறார். ஒழுங்காகச் சாப்பிடுகிறேன்.

ஆனால் ஒன்று சொன்னார். பேச்சு குழறினாலோ, வாய் கோணினாலோ, வலது கை தளர்ந்தாலோ ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் கூட்டி வர வேண்டுமாம். இதை வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லி வைக்கச் சொன்னார். தலையாட்டிவிட்டு வந்து, வீட்டைத் திறந்து, விளக்கைப் போட்டேன். யாரிடம் சொல்ல? எனக்குப் பயமாக இருக்கிறது, வடிவு.

அதனால் காலையில் எழுந்ததும் நானே பேசிப் பார்க்கிறேன். கல்யாணமானதிலிருந்து உன்னை ‘ஏளா’ என்றே கூப்பிட்டவன், இப்போது ஆளில்லாத வீட்டில் ‘அருணாசலவடிவு, அருணாசலவடிவு’ என்று முழுப் பெயரையும் சத்தமாகச் சொல்கிறேன். நீளமான பெயர், நாக்கு குழறினால் தெரிந்துவிடும். சரியாகத்தான் வருவது போலிருக்கிறது. என் காதுக்குச் சரியாகக் கேட்பது நிஜமாகவே சரிதானா என்று யார் சொல்வார்கள்?

சரண்யாவிடம் மூச்சு விடாதே, பச்சை உடம்புக்காரி. அவளுக்கு வேண்டிய மட்டும் இருந்துவிட்டு வா என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை. பேத்திக்கு என் ஆசி. அவள் நூறு வருஷம் நன்றாக இருக்கட்டும். நீ வந்துவிடு. நான் உன் பெயரைச் சொன்னால் ‘என்ன’ என்று கேட்க நீ இங்கே இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் ராஜதுரை