ஒரே மருந்துக்கு இரண்டு பெயர்

அனுப்புநர்
பி. ஆரோக்கியசெல்வி,
க/பெ. பிலவேந்திரன்,
மாதா கோயில் தெரு,
ஆரணி.

பெறுநர்
இணை இயக்குநர் அவர்கள்,
மருத்துவ நலப் பணிகள்,
திருவண்ணாமலை மாவட்டம்.

பொருள்: வலிப்பு நோய்க்குச் சிகிச்சை பெறும் என் கணவரின் மருந்து விவரத்தை, அவரை அனுப்பிய மருத்துவரும் பெரிய மருத்துவமனையின் புறநோயாளிகள் பிரிவும் ஒருவருக்கொருவர் தெரிவித்துக்கொள்ளாததால் நேர்ந்த ஆபத்து – மீண்டும் நேராமல் தடுக்கக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

நான் ஆரணியில் பட்டுத்தறிக்காரர்களுக்கு நூலைக் குச்சியில் தாராகச் சுற்றிக் கொடுக்கும் வேலை செய்கிறேன். என் கணவர் பிலவேந்திரன் களம்பூரில் ஓர் அரிசி ஆலையில் மூட்டை தைக்கிறார். இந்த மனுவை எழுதப் பயந்து பல நாள் தள்ளிப்போட்டேன். எந்த மருத்துவமனையைக் குறித்து எழுதுகிறேனோ அங்கேதான் அவருக்கு இன்னமும் வைத்தியம் நடக்கிறது. நான் புகார் கொடுத்தது தெரிந்து அவரைச் சரியாகப் பார்க்காமல் விட்டுவிட்டால் வேறு போக்கிடம் இல்லை. ஆகையால் மருத்துவமனையின் பெயரை இதில் எழுதவில்லை. தாங்கள் அழைத்துக் கேட்டால் நேரில் வந்து சொல்கிறேன்.

1. என் கணவருக்கு இரண்டு வருடங்களுக்கு முன் முதன்முதலாக வலிப்பு வந்தது. எங்கள் தெருவுக்கு அருகில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் கமலக்கண்ணன் அவர்கள் கொடுத்த வெள்ளை மாத்திரையில் அது அடங்கியிருந்தது. இந்த ஆடி மாதம் மறுபடி வந்தது. "இனிமே நான் மட்டும் பாத்தா பத்தாதும்மா, நரம்பு டாக்டர் ஒருத்தர் பாக்கணும்" என்று சொல்லி, என்ன மாத்திரை, எவ்வளவு என்பதை எல்லாம் எழுதி, உறையில் போட்டுக் கொடுத்தார்.

2. பெரிய மருத்துவமனையில் சீட்டுப் பதியும் இடத்திலேயே அந்தக் கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டார்கள். திரும்பக் கேட்டேன். "அது உள்ள டாக்டர்கிட்ட போய்டும், நீங்க போய் உக்காருங்க" என்றார்கள். கடிதம் உள்ளே போகவில்லை. கூட்டம் நிரம்பி வழிந்த அந்த அறையில் டாக்டர் என் கணவரிடம், "இப்ப என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்று கேட்டார். அவர், "வெள்ளையா ஒண்ணுங்க சார். பேர் எல்லாம் லெட்டர்ல இருக்குதுங்க" என்றார். டாக்டர் மேசையைப் பார்த்தார், கணினியைப் பார்த்தார். வெளியே அடுத்தவர் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். "சரி, அதோட இதையும் போடுங்க" என்று எழுதிக் கொடுத்தார். மருந்து கொடுக்கும் இடத்தில் அந்தச் சீட்டையும் வாங்கிக்கொண்டு, மாத்திரைகளை உதிரியாகக் காகித உறையில் போட்டுக் கொடுத்தார்கள். ஆரணிக்குத் திரும்பும்போது எங்கள் கையில் பெயர் தெரியாத மாத்திரைகளும் அடுத்த மாதம் வர வேண்டிய தேதியும் மட்டுமே இருந்தன.

3. சில நாட்களில் என் கணவரின் நடை மாறியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். நாக்கு குழறியது. பேசும்போது கண்கள் ஓரிடத்தில் நிற்காமல் ஆடின. அவர் ஒருநாளும் மதுவைத் தொட்டதில்லை என்பது எங்கள் மாதா கோயில் பங்கில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஆலையில் மேஸ்திரி லோகநாதன், எல்லார் எதிரிலும், "காலங்காத்தாலயே ஊத்திகினு வந்துட்டியா?" என்று கேட்டிருக்கிறார். அன்று வீட்டுக்கு வந்தவர் சாப்பிடவில்லை. "நான் குடிக்கலன்னு கூட ஒழுங்கா சொல்ல வரல செல்வி, நாக்கு உருளுது" என்று அழுதார். திருமணமாகி இத்தனை வருடத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை.

4. உடனே டாக்டர் கமலக்கண்ணனிடம் கூட்டிப் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "அங்க என்ன குடுத்தாங்க? எனக்கு ஒண்ணும் எழுதி அனுப்பலியா?" என்பதுதான். உதிரி மாத்திரையைக் காட்டினேன். பெயர் இல்லாததை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்றார். என் எதிரிலேயே மருத்துவமனைக்குப் போன் செய்தார். ஒரு பிரிவிலிருந்து இன்னொரு பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள், பிறகு யாரும் எடுக்கவில்லை. "எதையும் திடீர்னு நிறுத்தினா ஃபிட்ஸ் வரும். நாளைக்கே அங்க கூட்டிகினு போங்க" என்றார். போனோம். "உங்க தேதி அடுத்த மாசம், அன்னிக்கு வாங்க" என்று திருப்பி அனுப்பினார்கள். உடம்பு சரியில்லை என்று சொல்லியும் அந்தப் பிரிவுக்கு அது ஓ.பி. நாள் இல்லை என்றுதான் பதில் வந்தது.

5. அதற்கடுத்த நாள், வேண்டாம் என்று நான் தடுத்தும், வேலை போய்விடும் என்று ஆலைக்குப் போனார். மூட்டை ஏற்றும் மேடையில் கால் நிலைகொள்ளாமல் கீழே விழுந்தார். அந்த நேரத்தில் ஒரு லாரி மேடையை நோக்கிப் பின்புறமாக வந்துகொண்டிருந்தது. ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்து நிறுத்தினார். அவர் அந்தக் கணம் வேறு பக்கம் திரும்பியிருந்தால் நான் இன்று இந்த மனுவை வேறு விதமாக எழுதிக்கொண்டிருப்பேன். எனக்குத் தகவல் சொன்னது அதே மேஸ்திரிதான்.

6. ஆம்புலன்ஸில் அதே மருத்துவமனைக்குக் கொண்டு போனோம். அவசரப் பிரிவில் இருந்த பெண் டாக்டர் இரத்தம் எடுத்துப் பார்த்தார். நான் பையோடு நீட்டிய இரண்டு வகை மாத்திரைகளையும் மருந்தகத்துக்கு அனுப்பி விசாரித்தார். பிறகு என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "அம்மா, ரெண்டும் ஒரே மருந்துதான். கம்பெனி வேற, பேர் வேற. உடம்பு தாங்காத அளவுக்கு ஏறிடுச்சி" என்றார். இரண்டையும் வேளை தவறாமல் கொடுத்தது என் கைதான். ஆண்டவர் கிருபையாலும் அந்த டாக்டரின் கவனத்தாலும் அவர் பிழைத்தார். அதன்பின் பழைய வெள்ளை மாத்திரையை மட்டும் கொடுத்துவந்தேன்.

7. ஐயா, இத்தோடு முடிந்திருந்தால் நான் தங்களைத் தொந்தரவு செய்திருக்க மாட்டேன். இப்போதும் நிலைமை மாறவில்லை என்பதே என் பயம். சென்ற வாரம் ஓ.பி.க்குப் போனபோது வேறொரு டாக்டர் இருந்தார். புதிதாக ஒரு மாத்திரையைத் தொடங்கிவிட்டு, "பழச மெதுவா கொறைச்சிகினே வாங்க" என்றார். "எவ்ளோ மெதுவாங்க சார்?" என்று கேட்டேன். "உங்க ஊர் டாக்டர் பாத்துப்பாரு" என்றார். ஊர் டாக்டரிடம் வந்தேன். "அவங்க என்ன நெனச்சிகினு சொன்னாங்கன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்? ஒரு வரி எழுதிக் குடுத்திருந்தா போதும். நானா கொறைச்சி ஃபிட்ஸ் வந்துட்டா? கொறைக்காம விட்டு மறுபடி போன தடவ மாதிரி ஆய்ட்டா?" என்று அவரும் கவலைப்படுகிறார். அவர் அனுப்பிய இரண்டாவது கடிதத்துக்கும் பதில் இல்லை.

8. நான் யார் மீதும் நடவடிக்கை கேட்கவில்லை. எல்லா டாக்டர்களும் நல்லவர்களாகவே எங்களிடம் நடந்துகொண்டார்கள். நான் கேட்பது இவைதான். முதலாவதும் அவசரமானதும்: இந்த வாரத்துக்குள் அந்த நரம்பியல் பிரிவிலிருந்து ஒருவர் டாக்டர் கமலக்கண்ணனோடு போனில் பேசி, மாத்திரையை எப்படிக் குறைப்பது என்று முடிவு சொல்ல வேண்டும். அடுத்து, வெளி டாக்டர் கொடுக்கும் கடிதம் நோயாளியோடேயே உள்ளே போக வேண்டும். திரும்பி வரும்போது, என்ன கண்டுபிடித்தார்கள், எந்த மருந்தைச் சேர்த்தார்கள், எதை நிறுத்தினார்கள் என்று அனுப்பியவருக்குப் பதில் வர வேண்டும். அதில் கம்பெனிப் பெயரோடு மருந்தின் உண்மையான பெயரும் இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் வெளி டாக்டர்கள் கூப்பிட ஒரு நம்பர் வேண்டும், அதை எடுக்க ஓர் ஆளும் வேண்டும். வெம்பாக்கம், செய்யாறு பக்கமிருந்தும் கடிதத்தோடு வந்து அங்கே உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்கிறேன். அவர்கள் கையிலும் பெயரில்லாத காகித உறைகள்தான் இருக்கின்றன.

9. முன்பெல்லாம் என் கணவர் நான் கொடுக்கும் மாத்திரையைப் பார்க்காமலே வாயில் போட்டுக்கொள்வார். இப்போது அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்க்கிறார். "இது சரிதானே செல்வி?" என்கிறார். "சரிதாங்க, போட்டுக்கங்க" என்கிறேன். அது சரியா என்று எனக்குத் தெரியாது ஐயா. தெரிந்தவர்கள் இரண்டு இடத்தில் இருக்கிறார்கள். அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசும்படி தாங்கள் செய்ய வேண்டும் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: ஆரணி
நாள்: 18.11.2024

தங்கள் பதிலை எதிர்நோக்கியிருக்கும்,
(ஒப்பம்)
பி. ஆரோக்கியசெல்வி