பிழை விடாத மகன்

மச்சான்,

உன் மேளம் இப்போது என் வீட்டில் இருக்கிறது. இன்று காலை ஈரத்துணியால் துடைத்தபோது விளிம்பின் இடுக்கிலிருந்து தவிடு வந்தது. ஜப்பானியப் பிளாஸ்டிக்கில் உன்னிச்சை வயல் நெல்லின் வாசம்.

அரிசி ஆலையைப் பார்க்க மாட்டேன், ஜப்பானுக்குப் போகிறேன் என்று உன் மகன் நின்றபோது, "போனா இந்த வீட்டுக்குக் கிறுகி வராத" என்றாய். நீ சொன்னதில் அவன் கேட்டு நடந்தது அது ஒன்றுதான். வருடக்கணக்கில் பேச்சில்லை. பிறகு, ஊருக்கு வந்த ஒருவரிடம் இந்தப் பெட்டியைக் கொடுத்துவிட்டிருந்தான். டிவியில் பொருத்தி ஆடும் ஜப்பான் மேளம். பாட்டு ஓடும்போது சிவப்பு வட்டம் வந்தால் நடுவில் அடிக்க வேண்டும், நீலம் வந்தால் விளிம்பில். பெட்டியில் வேறொரு சொல்லும் இல்லை.

எதிராளியோடு ஆடும் ஆட்டத்தைத்தான் நீ எடுத்தாய். திரையில் இன்னொரு மேளம் வந்து நின்றது. கண்ணும் உப்பிய கன்னமுமாக ஓர் உருண்டை. "மற்றப் பக்கம் அடிக்கிறது அவன்தான்" என்று அறிவித்தாய். உன் வீட்டில் இணைய இணைப்பே கிடையாது என்பதை நான் சொல்லவில்லை.

அதன்பின் ஞாயிறு பின்னேரங்களில் நம் ஊர் தன்னாமுனைக்கு அரிசி கிடையாது. ஆலையைப் பூட்டிவிட்டு, தவிடு படிந்த கையோடு வந்து குந்துவாய். நெல்மூட்டையோடு வந்தவர்களிடம், "மகனோட இருக்கன், நாளைக்கு வாங்க" என்பாய். அவர்களும் மரியாதையாகத் திரும்பிப் போவார்கள். நீ திரையைப் பார்த்து ஏசத் தொடங்குவாய்: "என்ன மனே அவசரம்? ஆறுதலா அடி!"

ஒரு மாரிகாலம் முழுக்க இப்படியே போயிற்று. ஒரு ஞாயிறு, பாட்டின் நடுவில் குச்சிகளைக் கீழே வைத்தாய்.

"இது அவன் இல்ல மச்சான்."

"எப்பிடித் தெரியும்?"

"ஒரு அடியாவது பிந்துதா? என்ட மகன் எப்ப நேரத்துக்கு வந்தவன்? எனக்கு முதல் நாளே விளங்கிற்று."

"பிறகேன்டா இவ்வளவு நாளும் அடிச்ச?"

"நீ நம்பிக்கொண்டிருந்தாய். பாவமெண்டு விட்டன்."

நானும் அதையேதான் செய்துகொண்டிருந்தேன் என்றேன். பிறகு, "அவனுக்குப் போன் எடு" என்றாய்.

எடுத்துக் கொடுத்தேன். "மேளம் கிடைச்சிற்று மனே" என்றாய்.

"இப்பத்தானா அப்பா?"

"ஓம். கொண்டு வந்தவன் கொஞ்சம் பிந்திற்றான்."

அடுத்த கிழமையே இணைப்பு எடுத்தாய். உண்மையான மகன் படுமோசமாக அடித்தான். அவன் தவறவிட்ட ஒவ்வொரு அடிக்கும் என் தொடையில் தட்டினாய்: "பாத்தியா, இதுதான் அவன்!" நீ கண்மூடுமுன் அப்படிப்பட்ட ஞாயிறுகள் உனக்கு அதிகம் கிடைக்கவில்லை.

இப்போது அவன் என்னோடு ஆடுகிறான். பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில், பேசாமலிருந்த காலத்தில் அப்பா என்ன சொன்னார் என்று கேட்கிறான். மெஷினிடம் நீ சொன்னதையெல்லாம் உரியவனிடம் சேர்க்கும் வேலை எனக்கு வந்திருக்கிறது. பெரும்பாலும் ஏச்சுத்தான், அதையும் இன்னொருமுறை சொல்லச் சொல்கிறான்.

போன ஞாயிறு, பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒன்றைச் சொன்னேன். அந்த உப்பிய கன்னத்தைப் பார்த்து நீ ஒருநாள், "மெலிஞ்சு போனாய் மனே, ஒழுங்கா சாப்பிடுறியா?" என்று கேட்டதை.

வட்டங்கள் வந்துகொண்டே இருந்தன. அவன் பக்கத்தில் ஓர் அடியும் விழவில்லை. நான் வென்ற ஒரே ஆட்டம் அது. நீ சொன்னவை இன்னும் சில என்னிடம் இருக்கின்றன மச்சான், ஒவ்வொன்றாகத்தான் கொடுப்பேன்.