மிச்சமிருக்கும் நான்கு மரத்துப் பாசி

அனுப்புநர்:
குடுவையம்மா (கல்லூரியில் வைத்த பெயர், அதுவே நிலைத்துவிட்டது),
ஓய்வு பெற்ற ஆய்வுக்கூடப் பணியாளர்,
பட்டறைத் தெரு, ஒன்பதாவது மரத்துக்கு எதிர்வீடு.

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: மரப்பாசியை நோய் என்று தவறாக எழுதி, நாளை காலை சுரண்ட இருப்பதை நிறுத்தவும், பேட்டரி உருக்கும் பட்டறையின் உரிமத்தைப் புதுப்பிக்குமுன் மரங்களை நேரில் பார்வையிடவும் கோருவது தொடர்பாக.

மரியாதைக்குரிய ஐயா,

1. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனால் தாவரவியல் ஆய்வுக்கூடத்தில் இருபத்திரண்டு வருடம் கண்ணாடிக் குடுவை கழுவியவள். பக்கத்து வகுப்பில் வருடா வருடம் நடக்கும் ஒரே பாடத்தை இருபத்திரண்டு முறை கேட்டிருக்கிறேன். தேர்வு எழுதாததுதான் பாக்கி. மரத்திலும் பாறையிலும் சாம்பலும் பச்சையுமாக ஒட்டியிருக்கும் பாசியைப் புத்தகத்தில் லைக்கன் என்பார்கள். அது ஒரே உயிர் அல்ல. பூஞ்சை வீடு கட்டிக் கொடுக்கும், உள்ளே குடியிருக்கும் நுண்பாசி வெயிலில் சமைத்துப் போடும். வேர் கிடையாது. மரத்திடம் ஒரு சொட்டுக்கூட வாங்காது. காற்றும் மழையும் தருவதை அப்படியே குடிக்கும். ஆகையால் காற்றில் நஞ்சு கலந்தால் முதலில் சாவது அதுதான்.

2. எங்கள் தெருவில் பட்டறை வாசலிலிருந்து வரிசையாகப் பதினான்கு மரங்கள். மூன்று வருடத்துக்கு முன் பழைய பேட்டரி உருக்கும் உலையை ஏற்றினார்கள். அந்த மழைக்காலத்திலேயே முதல் மூன்று மரங்களில் தாடிபோல் தொங்கிய பாசி உதிர்ந்தது. மறுவருடம் ஆறாவது மரம்வரை எல்லாம் போனது. இந்த வருடம் எங்கள் வீட்டு எதிரே உள்ள ஒன்பதாவது மரமும் மொட்டை. என் பேத்திக்கு ஆறு வயது. பள்ளிக்கூடத்து மாடிப்படி ஏறினால் மூச்சு இழுக்கிறது. பையில் புத்தகத்தோடு மூச்சு மருந்தும் போகிறது.

3. சென்ற மாதம் சுகாதார ஆய்வாளர் வந்தார். நான்காவது மரத்தைத் தட்டி, "மரமெல்லாம் பளிச்சுன்னு இருக்கே, இதுல எங்கம்மா புகை?" என்றார். பத்தாவது மரத்தைப் பார்த்து முகம் சுளித்தார். அறிக்கையில் எழுதியது: பட்டறைப் பக்கம் மரங்கள் சுத்தம், தெருக்கோடி மரங்களுக்குத் தோல்நோய், சுரண்டிச் சுண்ணாம்பு அடிக்கவும். செத்த இடத்தைச் சுகம் என்றும் பிழைத்த இடத்தைச் சீக்கு என்றும் எழுதிவிட்டுப் போனார்.

4. நேற்று பூங்காப் பிரிவு ஆட்கள் கம்பித் தூரிகையோடு வந்து பத்தாவது மரத்தை வழித்தார்கள். தடுத்தேன். மேற்பார்வையாளர், "சொறி புடிச்ச மரத்துக்கு வைத்தியம் பாக்குறோம் பாட்டி, உங்களுக்கும் வேணுமா?" என்றார். ஆட்கள் சிரித்தார்கள். எட்டு வருடத்துக்கு முன் எங்கள் தெருவுக்குக் குடிநீர்க் குழாய் கேட்டுக் கொடுத்த மனுவை மடித்து, ஆடுகிற மேசைக்காலுக்கு முட்டுக்கொடுத்தவரும் இவரே. மீதி நான்கு மரத்துக்கு நாளை வருவார்களாம். அவற்றையும் வழித்துவிட்டால் பதினான்கும் ஒன்றுபோல் மொட்டையாக நிற்கும். புகை எதுவரை வந்தது என்று காட்ட எதுவும் இராது. பத்தொன்பதாம் தேதி உரிமம் கைக்கு வந்துவிடும். அந்தப் பாசி ஒரு விரற்கடை வளரப் பத்து வருடம் ஆகும், ஐயா.

5. மறைக்காமல் சொல்கிறேன். என் மகன் அந்த உலையில்தான் வேலை செய்கிறான். பேத்தி அவன் மகள். "அம்மா, சோத்துல மண்ணப் போட்டுடாத" என்று கையெடுத்துக் கும்பிட்டான். பட்டறையை மூடும்படி நான் கேட்கவில்லை. புகைபோக்கிக்கு வடிகட்டி போடச் சொல்கிறேன். முதலாளி போன வருடமே போடுவதாகச் சொன்னார். அன்று செவ்வாய்க்கிழமை, நீலச் சட்டை போட்டிருந்தார், எனக்கு மறக்கவில்லை.

ஆகவே சுரண்டும் வேலையை இன்றே நிறுத்தி, விவரம் தெரிந்த ஒருவரை அனுப்பி, முதல் மரத்திலிருந்து பதினான்காவது வரை நடந்து பார்க்கச் செய்து, அதன்பிறகே தாங்கள் உரிமத்தில் கையெழுத்திட வேண்டும்.

நாளை காலை ஏழு மணிக்குப் பதினோராவது மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். என் மகன் ஏழேகாலுக்கு அந்த வழியாகத்தான் வேலைக்குப் போவான். அவன் கண்முன்னே ஆட்கள் என்னை நாற்காலியோடு தூக்கி அப்புறப்படுத்தும் நிலைமை வராமல், தங்கள் உத்தரவு முந்தி வரட்டும்.

தேதி: ஆகஸ்ட் 12
இடம்: மேற்படி தெரு

இப்படிக்கு,
குடுவையம்மா